சுவருக்கு அந்தப் பக்கம் படம் பார்த்தவன்

பெல்லம்பள்ளி
ஜூன் முதல் வாரம்

அன்பு மகள் ஸ்ரவந்திக்கு நாயனா எழுதுவது. உடம்பில் உயிரும் குடத்தில் தண்ணீரும் இருக்கிற வரை இங்கே சௌக்கியத்துக்குக் குறைவில்லை. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அந்தக் கனடாக் குளிரில் நன்றாக இருக்க வேண்டும் என்று காலையில் குளித்ததும் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போன வாரம் போனில் ஏன் ஒரு மாதிரி பேசுகிறாய் நாயனா என்று கேட்டாய், ஒன்றுமில்லை என்றேன். நீ கூப்பிடும்போதெல்லாம் என்னைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்துகொண்டு ஸ்ரவந்தியா, குடு நான் பேசுறேன் என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், நான் எங்கே பேச. அதனால்தான் காகிதம்.

எல்லாம் நீ அனுப்பிய ஏசியில் ஆரம்பித்தது. உன்னைக் குறை சொல்லவில்லை. உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் ஒற்றை ஆளாக வெந்துகொண்டு கிடப்பேனே என்று உனக்கு மனசு கேட்கவில்லை, அனுப்பினாய், ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். முதல் நாள் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு டிவியைப் போட்டு, நீ எழுதி அனுப்பிய கோடைக்கால சினிமா வரிசையில் முதல் படத்தை வைத்தேன். அதுதான் அந்தப் பனிமலைப் படம். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, கதவைத் தட்டினாள் ராஜம்மா. பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாளே, கடைசி வீட்டுக்காரி, அவள்தான். சும்மா எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போறேன் அண்ணா என்று உள்ளே வந்தவள் முந்தானையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்துவிட்டாள். மறுநாள் அவள் கூட மூன்று பேர். அதற்கு மறுநாள் லாவண்யா, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிற பிள்ளை, ஏழு மாச வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அந்தப் பிள்ளையை வெளியே போ என்று எந்த வாயால் சொல்வது? ஒரு வாரத்தில் நம் வீட்டு வரிசையே என் முன் அறையில் இருந்தது. ஆவக்காய் ஊறுகாய் போடுகிற காலம் வேறே, ஆளாளுக்கு மாங்காய்க் கூடையோடும் அரிவாள்மணையோடும் வந்து படம் பார்த்துக்கொண்டே வெட்டுவார்கள். கடுகுப் பொடியும் பூண்டும் ஏசிக் காற்றில் சுற்றிச் சுற்றி வந்து என் தலையணை வரைக்கும் நாறுகிறது. நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறாய், வராந்தாவில், தலையில் ஈரத்துண்டோடு. என் வீட்டில் எனக்கு இடமில்லை. நடுநடுவே உள்ளே கூப்பிடுவார்கள், எதற்கு, ரிமோட்டை அழுத்த.

என்ன படம் வைப்பது என்பதில் தினம் ஒரு சண்டை. உன் பனிமலைப் படத்தைப் பார்த்து ராஜம்மா நிஜமாகவே வீட்டுக்குப் போய்க் கம்பளி எடுத்து வந்தாள். கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தான் இருக்கு, ஆனா இவங்க யாருமே பேச மாட்டேங்கிறாங்களே, எல்லாருக்கும் வாயில ஐஸ் கட்டியிருக்கா என்றாள். நம்ம ஸ்ரவந்தி இந்த மாதிரிப் பனியிலயா பிள்ளையை வச்சுக்கிட்டுக் கிடக்கா, பாவம் என்றாள் இன்னொருத்தி. அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் அந்தப் படம் பிடிக்காமல் போயிற்று. ராஜம்மாவுக்குச் சாமி படம்தான் வேண்டும், அதிலும் கைலாசம் வருகிற படமாக இருந்தால் பஞ்சுப் பனியைப் பார்த்தே வியர்வை அடங்குகிறதாம். லாவண்யாவுக்குப் பேய்ப் படம், பயந்தால் உடம்பு சில்லென்று ஆகிவிடும் மாமா என்கிறாள். வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டுப் பேய் பாக்கற மூஞ்சியப் பாரு என்று ராஜம்மா திட்ட, புள்ள இப்பவே பாத்துப் பழகிக்கட்டும் அத்த, நாளைக்கு உன்னப் பாத்துப் பயப்படாதுல்ல என்று அவள் சொல்ல, அன்றைக்கு அறை முழுக்கச் சிரிப்பு. மூன்று மணிக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது சுவரெல்லாம் அதிரும் இல்லையா, பேய்ப் படம் ஓடுகிற நேரம் அது வந்துவிட்டால் மாங்காய் ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம். மழைப் பாட்டு இருக்கிற படம் என்றால் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. பாட்டு முடிந்ததும் திரும்பப் போடு என்பார்கள். அந்த நாயகி ஒரு மதியத்தில் நாலு தடவை நனைவாள்.

இதெல்லாம் உனக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் வராதவர் ஒருவர் உண்டு என்று உனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் ஓதேலு மாமா. அவன் பெண்டாட்டி சாரக்கா அத்தை வருவாள், மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போவாள். அவன் வரவில்லை. அவன் பையன் மகேந்தரைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து அவன் என் முகத்தைப் பார்த்ததில்லை. அதற்காக நீ வருத்தப்படாதே அம்மா, நீ மனசில் இருந்ததைச் சொன்னாய், அது தப்பில்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதேதான். ஒரே ஷிப்டில் ஒரே கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினவர்கள் நாங்கள். கழுத்துக் கரியைக்கூடக் கழுவாமல் மதிய ஆட்டத்துக்குப் போவோம், கோடையில் ஊரிலேயே குளிர்ச்சியாக இருந்த இடம் அந்தக் கொட்டகை ஒன்றுதான். ரயில் கூரை மேல் சண்டை வருகிற ஒரு படம், ஒவ்வொரு மே மாதமும் கொட்டகைக்காரன் கொண்டு வந்து போடுவான். ஒவ்வொரு தடவையும் ஓதேலு எதிராளி பின்னால் வருகிறான் என்று நாயகனைப் பார்த்துக் கத்துவான்.

அவன் நெஞ்சில் கரித்தூசு. வெயில் ஏறினால் இருமல் ஏறும். மின்விசிறி அனல் காற்றை அள்ளிக் கொட்டுகிற அறையில் அவன் கிடக்கிறான், நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர், இந்தப் பக்கம் ராஜம்மா கம்பளி போர்த்திக்கொண்டு படம் பார்க்கிறாள். எனக்கு எப்படி இருக்கும் சொல். கூப்பிட வாய் வரவில்லை, கூப்பிட்டாலும் வரமாட்டான். சாரக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் செத்தாலும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டார் அண்ணா, எங்கிட்ட கேக்காதீங்க என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எனக்குத் தோன்றியது இதுதான், பெண்களிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த ரயில் சண்டைப் படத்தை வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். காது கிழியுது என்று எல்லாரும் கத்தினார்கள், குறைக்கவில்லை. சாயங்காலம் சாரக்கா வந்து ரகசியமாகச் சொன்னாள், கட்டிலை இழுத்து சுவரோட சேத்துப் போட்டுட்டார், வசனம் வர்றதுக்கு முன்னாடியே இவர் சொல்றார் என்று. அன்றைக்கு ராத்திரி நான் இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் தினமும் ஒரு சண்டைப் படம், பெண்களும் விஷயம் தெரிந்து ஒன்றும் சொல்வதில்லை. நகைச்சுவை வருகிற இடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமலும் சிரிப்பும் கலந்து வரும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும், மழை வருவதற்குள் வாசலுக்காவது வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

மே மாதம் பாதியில் ஒரு காலை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. நம் வரிசைக்கும் பின் வரிசைக்கும் சேர்த்து அது ஒன்றுதான், பின் வரிசையில் வீட்டுக்கு வீடு ஏசி, என்னுடையதையும் சேர்த்து அது எத்தனையைத்தான் தாங்கும். லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, மாவட்டம் முழுக்க இதே கதைதான் பெத்தய்யா, வேறே ஒண்ணு வந்தாத்தான் மாட்ட முடியும், என்னை அடிச்சாலும் எங்கிட்ட இல்ல என்று கை கூப்பினான். அவன் சட்டையெல்லாம் உப்புப் பூத்திருந்தது, அவனை என்ன சொல்ல? மறுநாளும் கரண்ட் வரவில்லை. அப்படியும் மதியம் ஒரு மணிக்குப் பெண்கள் எல்லாம் வந்து இருட்டறையில் உட்கார்ந்தார்கள், பழக்கம். டிவி இல்லை, ராஜம்மா ஏதோ சாமி கதையைச் சினிமா மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். சாரக்காவும் இருந்தாள். எனக்கு மட்டும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது, என்ன என்று புரிய நேரமானது. இருமல் கேட்கவில்லை. சாரக்காவிடம் கேட்டேன். ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தார், இப்பத்தான் கண் அசந்தார், விடுங்க அண்ணா என்றாள். இருமாமல் தூங்குகிற ஆள் இல்லை அவன், நாற்பது வருஷம் பக்கத்தில் இருந்தவனுக்குத் தெரியாதா. எழுந்து போனேன். அந்த வாசலை நான் மிதித்து எத்தனை காலமாயிற்று என்பதெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

கட்டிலுக்குக் கீழே தரையில் கிடந்தான். தொட்டால் அடுப்பு. வியர்வை ஒரு சொட்டு இல்லை. கண் திறந்திருந்தது, கரித்தொட்டியை எண்ணிக்கொண்டிருந்தான், சுரங்கத்தில் எண்ணுகிற மாதிரி சத்தமாக, எண் எல்லாம் முன்னும் பின்னும். ஓதேலு, டேய் நான் கொமுரய்யாடா என்றேன். தொட்டியை நவுத்து, தொட்டியை நவுத்து என்றான். ஈரப் புடவைகளைச் சுற்றி, சோடாக் கடையிலிருந்து ஐஸ் கொண்டு வந்து அக்குளில் வைத்து, லாவண்யா முறத்தால் விசிற, ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். அவன் தலை என் மடியில். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன், என்ன பேசினேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள், அந்தச் சின்ன டாக்டர் சாப்பிடக்கூடப் போகவில்லை. உயிரைப் பிடித்து வைத்தார்கள். மகேந்தர் ஹைதராபாத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு ஓடி வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், உன்னையும் நல்லபடியாக விசாரித்தான், நல்ல பையன். தன்னோடு அழைத்துப் போகிறேன் என்று அப்பனைக் கெஞ்சினான், இவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றான்.

உயிர் தங்கியது, ஆனால் சூடு மூளையில் ஏறி எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டது அம்மா. டாக்டர் சொன்னார், கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், காத்திருங்கள் என்று. சாரக்காவைத் தெரிகிறது. சுரங்கம் தெரிகிறது. என்னைத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கரண்ட் வந்துவிட்டிருந்தது, சாரக்கா அவன் கையைப் பிடித்து நம் வாசலுக்குக் கூட்டி வந்தாள். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, கை கூப்பி, நமஸ்தே சார், உள்ள வரலாமா என்று கேட்டான். என்னைப் பார்த்து. சார் என்று. ராஜம்மாவே எழுந்து இடம் விட்டாள். நான் அந்த ரயில் படத்தை வைத்தேன். பார்த்தால் ஏதாவது திரும்பாதா என்று ஒரு நப்பாசை. முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி முழுக்கப் பார்த்தான். எதிராளி பின்னால் வரும்போது கத்தவில்லை, என் பக்கம் குனிந்து, இவன் ஜெயிப்பானா சார் என்று மெதுவாகக் கேட்டான். பாப்போம் என்றேன். மூன்று மணி வெடி வந்தது, எல்லாரும் திடுக்கிட்டார்கள், அவன் மட்டும் அசையாமல், வடக்குப் பக்கம் வெடி என்று சரியாகச் சொன்னான்.

படம் முடிந்து எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தான். உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை சார் என்றான். ஒரே பொண்ணு, கனடாவுல இருக்கா என்றேன். சுவரில் உன் கல்லூரிப் படத்தை எழுந்து போய்ப் பார்த்தான், வெகு நேரம் பார்த்தான். லட்சணமா இருக்கா, எங்க பையனுக்கும் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம் சார், நல்ல பையன், குடிக்க மாட்டான், நீங்க தப்பா நினைக்கலேன்னா வீட்டுல கேட்டுச் சொல்லுங்க என்றான். சாரக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் என்ன சொல்வேன்? உன் பையனுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை இருக்கிறது என்றா, என் பெண் மாட்டேன் என்று சொல்லித்தான் நீ இத்தனை காலம் என்னோடு பேசாமல் இருந்தாய் என்றா? கேட்டுச் சொல்றேன் என்றேன். சந்தோஷமாகப் போனான். மறுநாள் வந்து கேட்டான், பொண்ணு என்ன சொன்னா சார். இன்னும் காகிதம் வரல என்றேன். நேற்றும் கேட்டான். இன்றைக்கும் ஒரு மணிக்கு வருவான், கேட்பான். இவ்வளவு மரியாதையாக அவன் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை, திட்டித்தான் பேசுவான், அந்தத் திட்டு ஒன்று விழுந்தால் போதும் என்று இருக்கிறது எனக்கு. ராத்திரி படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறான், அது மட்டும் பழைய ஓதேலு. என்ன செய்வது என்று தெரியவில்லை ஸ்ரவந்தி. செய்ய ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

இதற்கு நீ பதில் ஒன்றும் எழுத வேண்டாம், அழவும் வேண்டாம். ஒன்று மட்டும் செய். சத்தம் அதிகம் இருந்தால் அவனுக்குத் தலை வலிக்கிறதாம், டாக்டர் சண்டைப் படம் கொஞ்ச நாள் வேண்டாம் என்றிருக்கிறார். யாரும் சாகாத, நிறைய தண்ணீர் ஓடுகிற, ஆனால் அந்தப் பனிப் படம் மாதிரி ஊமையாக இல்லாத படம் நாலைந்து தேடிப் பெயரை அனுப்பு. மழை வர இன்னும் பத்து நாள் ஆகும் என்கிறார்கள், அதுவரை மதியங்களைத் தள்ள வேண்டுமே. பேத்திக்குத் தலையை நன்றாக மூடிவிடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் கோபப்படாதே. ஆவக்காய் இரண்டு ஜாடி ராஜம்மா உனக்கென்று தனியாகக் கட்டி வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். உன் அம்மா இருந்து சொல்ல வேண்டியதையும் சேர்த்து நானே சொல்கிறேன், மஞ்சளும் குங்குமமுமாக, பிள்ளையும் குட்டியுமாக, குறைவில்லாமல் நீடூழி இரு.

மணி ஒன்று ஆகிறது, வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. உள்ளே வரலாமா சார் என்கிறான். முடிக்கிறேன்.

உன் நாயனா
கொமுரய்யா