ஜேர்மன் பூங்காவுக்குக் கொண்டுபோன சரக்குப் பொதி

கிரான்பர்ன், மெல்பேர்ன்
வெள்ளிக்கிழமை, மே 9

அன்பு மகள் துவாரகாவுக்கு,

அம்மாவும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு இப்போது வேறு நினைவில்லை. நேற்றுப் பின்னேரம் ஐந்து இருபதுக்கு மருமகன் யதுஷன் தொலைபேசியில் சொன்னார், ஜேர்மனியில் உங்களுக்குக் காலையில் வார்டுக்கு வந்த டொக்டரிடம் தானே நேரில் கேட்டதாக. முப்பத்திரண்டு கிழமை நிறைந்துவிட்டது, நஞ்சுக்கொடி இன்னும் கீழேதான் இருக்கிறது, திங்கட்கிழமைக்குப் பிறகு இரத்தம் படவில்லை, ஆனாலும் பிள்ளை பிறக்கும்வரை உன்னை வீட்டுக்கு விடமாட்டார்கள். இவ்வளவும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன்னிடம் கேட்டால் எல்லாம் ஓகே அம்மா என்கிறாய், நானும் இங்கயும் ஓகே என்கிறேன், அத்தோடு இரண்டு பேரும் போனை வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படுத்துக்கொண்டே வாசிக்கலாம், பதில் சொல்லவும் தேவையில்லை.

தலைப்பிள்ளைக்குத் தாய் பக்கத்தில் நிற்க வேண்டும், பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழியும்வரை சரக்குக் கறி வைத்துக் கொடுக்க வேண்டும். எங்களுடைய பிரிட்ஜிங் விசாவில் வெளியே போனால் திரும்பி வர முடியாது, கையில் கடவுச்சீட்டும் இல்லை, இது உனக்குப் புதிதில்லை, உன் கலியாணத்தையும் நாங்கள் போனில்தான் பார்த்தோம். செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று மல்லி, மிளகு, நற்சீரகம், திப்பிலி, வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாவற்றையும் வறுத்து இடித்துத் தூளாக்கினேன். தபாலில் போட்ட முதல் பொதி மூன்று கிழமையாக ஒரே இடத்தில் நிற்பதாக இணையத்தில் காட்டுகிறது. ஆகவே இரண்டாவது பொதியைக் கட்டி வைத்துக்கொண்டு, போகிற ஆள் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று தெரிந்தவர்கள் எல்லோரையும் கேட்டேன். இந்த மாதம் ஜேர்மனிக்குப் போகிற தமிழ் ஆள் ஒருவரும் இல்லை. அப்போதுதான் சாமான் கடை சிறி சொன்னான், நகரத்துக்கு வடக்கே ஒரு பூங்கா இருக்கு அன்ரி, ஞாயிற்றுக்கிழமை ஜேர்மன்காரர் எல்லாரும் அங்க கூடுகினம், ஆராவது ஒருத்தர் ஊருக்குப் போகாமலோ இருப்பினம் என்று. யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவள் நான், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் விசாரிக்காமல் ஒரு வரிகூட எழுதியதில்லை. இதை மட்டும் யாரிடமும் விசாரிக்கவில்லை.

ஞாயிறு காலை பொதியையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன், இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும், இரண்டேகால் மணித்தியாலம். நல்ல பூங்கா. கருங்கல்லில் கட்டிய சின்னத் தேவாலயம் ஒன்றும், செங்குத்துக் கூரை போட்ட பழைய பண்ணை வீடும், சுற்றிவர வீடுகள் வந்த பிறகும் விடாமல் காப்பாற்றி வைத்த கல்மதிலும் இருக்கின்றன. தோல் காற்சட்டை போட்ட கிழவர்கள் அக்கோர்டியன் வாசிப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். கேக் மேசையடியில் நின்ற ரூத் என்ற அம்மாவிடம் போனேன், எழுபது வயதிருக்கும், பூப்போட்ட ஏப்ரன் கட்டியிருந்தார். நேராகவே கேட்டேன், நீங்கள் எப்போது ஜேர்மனிக்குப் போகிறீர்கள் என்று. அவர் விளங்காமல் பார்த்தார், பிறகு சிரித்தார். தான் ஜேர்மனியைக் கண்டதே இல்லையாம், தான் போன ஆகக்கூடிய தூரம் பாலித் தீவாம். தாயின் பாட்டன் 1853இல் கப்பலில் வந்தவராம், அந்தப் பாஷையில் தனக்கு மிச்சமிருப்பது இரண்டு செபமும் புளிக்கவைத்த முட்டைக்கோவாவின் பெயரும்தானாம். அப்பா என் காதுக்குள், எங்கட கோயில் திருவிழாவுக்கு வாற சனமெல்லாம் நாளைக்கு யாழ்ப்பாணம் போகுதோ, நீ நிருபர்தானே, இதையாவது யோசிச்சிருக்கலாம் என்றார். அவர் சொன்னது சரி, அதனால் இன்னும் கோபம் வந்தது.

ரூத் பொதியை வாங்கி மணந்து பார்த்து மூன்றுதரம் தும்மினார். இது என்ன என்று கேட்டார், நீ ஆஸ்பத்திரியில் இருப்பதையும் சேர்த்துச் சொன்னேன். நீயே கொண்டுபோகலாமே என்றார். 2012இல் படகில் வந்தோம், விசா இன்னும் முடிவாகவில்லை என்றேன். பதின்மூன்று வருடமா, பதின்மூன்றா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு நேரே போய், அக்கோர்டியனை நிறுத்தச் சொல்லி, மைக்கை வாங்கி, இந்த அம்மாவின் மகள் ஜேர்மனியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அடுத்த சில கிழமையில் அங்கே போகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். இருநூறு பேருக்குக் குறையாது. ஒரே ஒரு கை உயர்ந்தது. தொப்பியில் இறகு குத்திய ஒரு கிழவர், ஓடினமாதிரிப் போய்க் கேட்டால் அவர் போவது அடிலெய்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஜேர்மன் கிராமத்துக்கு, காரில். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டு இருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பில் வந்த கண்ணீர் என்று அப்பாவுக்குச் சொன்னேன், அவர் நம்பியமாதிரி இருந்தார்.

திரும்பும்போது வாசலில் ஒரு பலகை இருந்தது, வந்த குடும்பங்களின் பெயர், கப்பலின் பெயர், கரை இறங்கிய திகதி, காணி எழுதிய திகதி எல்லாம் போட்டு. பழக்கதோசத்தில் குறித்துக்கொண்டேன், முதல் குடும்பத்துக்கு இறங்கி ஏழாம் கிழமை காணி. எங்கட படகுக்கும் நம்பர் தந்தவங்கள், இன்னும் எல்லாக் கடிதத்திலும் அதைத்தான் எழுதுறம் என்றார் அப்பா.

பொதியை ரூத் தன்னிடம் வைத்துக்கொண்டார். தங்கள் தேவாலயப் போதகர் ஜூன் முதல் கிழமை பெர்லினில் ஒரு கூட்டத்துக்குப் போகக்கூடும், கேட்டுச் சொல்கிறேன் என்று என் நம்பரையும் வாங்கினார். பெர்லினிலிருந்து உங்கள் டோர்ட்முண்ட் ஐந்நூறு கிலோமீற்றராம், பரவாயில்லை, போய் வாங்கலாம் என்று யதுஷன் சொன்னார், இங்க தமிழ்க் கடையிலயும் சரக்குத்தூள் இருக்கு மாமி என்று மெல்லவும் சொன்னார். இருக்கும், பிள்ளை, எனக்கும் தெரியும். இதையும் செய்யாவிட்டால் நான் வேறு என்ன செய்வது, நீயே சொல்லு.

இடது பக்கமாகப் படு. துளி இரத்தம் கண்டாலும் மணியை அடி, யதுஷன் வரட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்காதே. நீ சின்ன வயதிலேயே அடுத்த வீட்டில் தண்ணீர் கேட்கக் கூச்சப்படுகிறவள், அந்தக் குணத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்துக்கொள். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு உனக்கு விளங்கும் பாஷை தெரியுமென்றால் அவளிடம் சொல்லிவை. நல்லூரானை நம்பியிருக்கிறோம், தாயும் பிள்ளையும் இரண்டு உயிராக வீடு வந்து சேர்வீர்கள், இது எங்கள் இருவருடைய ஆசீர்வாதம்.

விசா பற்றி வழக்கறிஞரிடம் புதிதாக ஒன்றும் இல்லை, திகதியும் சொல்லவில்லை. போதகர் போகிறாரா இல்லையா என்பது 18ஆம் திகதி ஞாயிறு ஆராதனை முடியத் தெரியும். உன் அடுத்த ஸ்கான் 20ஆம் திகதி செவ்வாய், அதைப் பார்த்துத்தான் சத்திரசிகிச்சை எப்போது என்று முடிவெடுப்பார்களாம். மறந்துவிடாதே, அன்றைக்கு எதுவானாலும் உன் வாயால் எனக்குச் சொல்லு, ஓகே என்று மட்டும் அனுப்பாதே. உங்களுக்குக் காலை பத்து மணி என்றால் இங்கே பின்னேரம் ஆறு. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன்.

உன் அம்மா,
நிரஞ்சினி ஸ்ரீகாந்தன்