கவிழ்த்துக் காட்டிய டப்பா

இன்று காலை டப்பாவைத் திறந்ததும் வடகம் வாசனை அடித்தது. நாலு வருஷமாக அதில் கேள்விச் சீட்டுகள்தான் விழுகின்றன. தேய்த்துக் கழுவியிருக்கிறேன், வெயிலில் காய வைத்திருக்கிறேன், ஒரு தடவை கற்பூரம்கூடப் போட்டு மூடி வைத்தேன். போகிற வழியாக இல்லை. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை உன் மனைவி இடித்து உருட்டிக் காயவைத்து அடைத்திருந்த பிஸ்கட் டப்பா அது. அதன் மூடியில் ஸ்க்ரூடிரைவரால் நீ கீறிய வாய் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. சீட்டுப் போடுகிறவர்கள் விரலைக் கிழித்துக்கொள்ளாமல் இருப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். தலைப்பு மறுபடியும் போர்தான். நாடு வேறு, அவ்வளவே. காலையிலேயே பதிவாளர் கூப்பிட்டு, "தனிப்பட்ட கேள்வியெல்லாம் மேடைக்கு வராம பாத்துக்குங்க சார், ஒங்களுக்குத் தெரியாததா" என்றார். எனக்குத் தெரியாததா. அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆள் கிடையாது என்பது உனக்கு நன்றாகவே தெரியும்.

நாம் இரண்டு பேரும் அரசியல் அறிவியல் துறையில் எதிரெதிர் மேஜை. மாதம் ஒரு சனிக்கிழமை, உலக விவகாரங்கள் பற்றி வெளியார் யாரையாவது அழைத்துப் பொதுச் சொற்பொழிவு வைக்கலாம் என்று நீதான் ஆரம்பித்தாய். முதல் இரண்டு கூட்டத்துக்கு வருகைப் பதிவுக்காகப் பிள்ளைகள் வந்து, செல்போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு முன்னால் நீ நோட்டீஸ் அடித்தாய். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு, அரியலூர் ஸ்டேஷன் வாசல், ஜெயங்கொண்டத்தில் வெளிநாட்டுப் பணம் வாங்குகிற கடைகள் என்று நீயே பைக்கில் போய் ஒட்டினாய். 'உங்கள் வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருந்தால் கட்டாயம் வாருங்கள்' என்பது நோட்டீஸின் கடைசி வரி. அதைப் பார்த்து நான் சிரித்தேன். "எவன்யா வருவான்?" என்றேன். அந்தச் சனிக்கிழமை பின்வரிசையில் நாற்காலி போதவில்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மடியில் பையும் கையில் செல்போனுமாகப் பெண்கள். பெரும்பாலும் பெண்கள்.

பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள். நீ பக்கத்தில் நின்று தமிழில் சொல்வாய். கடல் வழியை அடைத்தால் எண்ணெய்க் கப்பல் நின்றுவிடும் என்று ஒருவர் அரைமணி நேரம் படம் போட்டு விளக்கியதை நீ ஒரே மூச்சில் முடித்தாய். "கொள்ளிடம் பாலத்த அடைச்சுட்டா தா.பழூர்க்காரரு கும்பகோணத்துக்கு எப்படிங்க போவாரு? அம்புட்டுதான் விஷயம்." பின்வரிசை சிரித்தது. பேசியவர் தன்னுடைய எந்த வாக்கியம் அவ்வளவு நகைச்சுவையாக இருந்தது என்று புரியாமல் உன்னைப் பார்த்தார்.

கேள்வியைச் சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும் என்பது நிர்வாகம் வைத்த நிபந்தனை. மேடைக்குக் கீழே சின்ன மேஜையில் நான். சீட்டுகளைப் பிரித்து, மேலே அனுப்ப வேண்டியதை அனுப்பி, என் மகன், என் தம்பி என்று வருகிற சீட்டுகளைத் தனியே எடுத்து வைப்பேன். அவற்றைக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நீ பேச்சாளர் முன்னால் பரப்பிவைத்துப் பதில் வாங்கிக் கொடுப்பாய். "நம்ம கூட்டமே டீக்கு அப்பறந்தான் மாப்ள ஆரம்பிக்குது" என்பாய். கடைசியாக மேடையிலிருந்து, "இன்னும் சீட்டு இருக்கா?" என்று நீ கேட்பதும், "முடிஞ்சுது சார்" என்று நான் சொல்வதும், உடனே நன்றியுரை தொடங்குவதும் ஒரு வழக்கமாகிப் போயிருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும்.

நம் ஊர் ஆட்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாட்டில் குண்டு விழ ஆரம்பித்து ஆறாவது நாள். ஓய்வு பெற்ற தூதர் ஒருவர் பேசினார். அரங்கம் நிரம்பி, கதவோரமும் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் பதிவாளர். அவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அந்த ஏஜென்ட். இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர், நிர்வாகத்துக்கு வேண்டியவர். அன்றைக்கு மேடையில் கட்டியிருந்த பேனரிலும் அவர் பெயர் இருந்தது.

சீட்டுகளைப் பிரித்துக்கொண்டே வந்தபோது அது வந்தது. நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள், பென்சில் எழுத்து. எனக்கு அது மனப்பாடம்.

'ஐயா, எங்க வீட்டுக்காரர் அங்க டிரைவர். பாஸ்போர்ட்டு கம்பெனில இருக்கு. கூட இருந்தவங்க எல்லாம் எல்லைக்கு கிளம்புறாங்க. அனுப்பின ஏஜென்ட் முன்னால உக்காந்திருக்கார், அவர் அங்கயே இருக்க சொல்றார். இருக்கறதா கிளம்பறதா? இன்னைக்கு சொல்லணும். செல்வி, மீன்சுருட்டி.'

படித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். பதிவாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் என் பணி நிரந்தரக் கோப்பு அவர் மேஜைக்குப் போயிருந்தது. டீக்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. தூதர் அரியலூரில் ரயிலைப் பிடிக்க வேண்டும், டீ கிடையாது, கார் வாசலில் தயார் என்று முன்கூட்டியே எனக்குத் தெரியும். தெரிந்தே அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"இன்னும் சீட்டு இருக்கா?"

"முடிஞ்சுது சார்."

நன்றியுரைக்கு நீ வாயைத் திறந்தாய். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"நான் ஒரு சீட்டு போட்டேனுங்க."

அரங்கமே திரும்பியது. முப்பது வயதுகூட இருக்காது. பச்சைச் சேலை. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ அவளைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியும். டப்பாவைத் தூக்கி, எல்லோரும் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். காலி. இரண்டு தட்டு வேறு தட்டினேன். ஏதோ யோக்கியன் மாதிரி.

நீ பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் இந்த மடலை நான் எழுத வேண்டியிருக்காது. என் முகத்திலிருந்து உன் கண் மெதுவாக என் சட்டைப் பைக்கு இறங்கியது. பிறகு நீ மைக்கைப் பிடித்தபடி, "சீட்டு எங்கயோ தவறிருச்சும்மா. நீங்களே சொல்லுங்க" என்றாய்.

அவள் சொன்னாள், ஒன்று விடாமல். ஏஜென்ட் முன்வரிசையில் இருக்கிறார் என்பதையும் சொன்னாள். வெள்ளைச் சட்டை எழுந்தது. "இதென்னங்க, சொற்பொழிவா பஞ்சாயத்தா? அங்க ஒரு பயமும் இல்ல. கம்பெனி பாத்துக்கும். பொம்பளைங்கள உசுப்பி விடாதீங்க."

நீ தூதரிடம் திரும்பி, அவள் சொன்னது முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னாய். ஏஜென்ட் பேசியதையும் சேர்த்தே சொன்னாய். பதிவாளர் கையைக் காட்ட, மைக் செத்துப்போனது. நீ மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி, நடுவழியில் வந்து நின்றுகொண்டாய். தூதரும் வாட்ச்சைப் பார்ப்பதை விட்டுவிட்டு விளிம்புக்கு வந்தார். அவர் சொல்லச் சொல்ல நீ தொண்டை கிழியச் சொன்னாய்.

"காகிதம் இல்லாம எல்லைக்குப் போகவே கூடாது. அங்க மாட்டுனா ரெண்டு நாட்டுக்கும் ஆகாது. நாளைக்குக் காலைல நேரா நம்ம தூதரகத்துக்குப் போவணும். பாஸ்போர்ட்டு இல்லாட்டியும் பரவால்ல, போட்டோ எடுத்து வச்ச காப்பி போதும். ஊருக்குத் திரும்பறதுக்குன்னு ஒரு தடவ மட்டும் செல்லுபடியாகுற காகிதம் குடுப்பாங்க. பாஸ்போர்ட்ட வச்சுக்கக் கம்பெனிக்கு உரிமையே கிடையாது. கூட இருக்கற ஆளுங்க பேரையும் எழுதி எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க."

"இதயே போன்ல சொல்லிருங்க சார், எனக்குத் திரும்பச் சொல்ல வராது" என்று அவள் செல்போனை நீட்டினாள். நீ அத்தனையையும் மறுபடி வாய்ஸ் மெசேஜாகச் சொன்னாய். அனுப்பினாள். அரங்கத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஏஜென்ட்கூட நின்றபடியே நின்றார். செல்போனை எட்டிப் பார்த்த பக்கத்து நாற்காலிக்காரம்மா சொன்னாள். "ஒத்த டிக்குதான் இருக்கு."

அங்கே நெட்வொர்க்கைத் துண்டித்திருந்தார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ஒற்றை டிக் அப்படியே இருந்தது. தூதரின் கார் கிளம்பியது. அவள் செல்போனைப் பார்த்தபடியே ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அடுத்த மூன்று நாளும் நீ அவளுக்குப் போன் போட்டுக் கேட்டாய். எதிர்மேஜையில் உட்கார்ந்து உன் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். "இன்னும் ஒத்த டிக்குதானாம்மா? சரி. சாப்பிடுங்க மொதல்ல." எல்லையில் ஒரு பஸ் மீது குண்டு விழுந்ததாக டிவியில் ஓடியது. மெசேஜ் சேராமல் அவன் அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால்? இதில் என் சீட்டுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, எப்படியும் நீ பதில் வாங்கிக் கொடுத்துவிட்டாயே என்று எனக்குள் ஒரு வக்கீல் வாதாடினான். நீ மட்டும் கீழே இறங்கியிருக்காவிட்டால் என்று கேட்டதும் அந்த வக்கீல் வாயை மூடிக்கொண்டான். நான்காம் நாள் வகுப்புக்கு நடுவே நீ வராண்டாவில் கத்தியது கேட்டது. "மாப்ள, ரெண்டு டிக்கு விழுந்துருச்சு! தூதரகத்து வாசல்ல நிக்கிறானாம்!" ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். அப்போது உன் நெஞ்சுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவே என் பையில் அந்தச் சீட்டு இருந்தது. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நீ கேட்கவே இல்லை, மச்சான். கேட்டிருக்கலாம்.

பிறகு உன்னிடம் விளக்கம் கேட்டார்கள். அனுமதி இல்லாத கேள்வியை ஏன் எடுத்தாய் என்று. 'சீட்டு தவறியது என் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தாய். என் பொய்யை வாங்கி உன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டாய். சொற்பொழிவுப் பொறுப்பை உன்னிடமிருந்து எடுத்து, பொறுப்பானவர் என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். என் வேலை நிரந்தரமானது. அன்று மாலை நீ இந்த டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாய். "இது இல்லாம எப்படிக் கூட்டம் நடத்துவ?" என்றாய். குத்தலாகச் சொன்னாயா என்று உன் முகத்தை நெடுநேரம் பார்த்தேன். இல்லை.

அதற்குப் பிறகு நீ எல்லாக் கூட்டத்துக்கும் வந்து, பின்வரிசையில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து, மெல்லிய குரலில் அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பாய். "முடிஞ்சுது" என்று நான் சொல்லும்போது மட்டும் உன் பக்கம் பார்க்க மாட்டேன்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். போன ஆவணியில் உன் நெஞ்சு எனக்காகக் காத்திருக்கவில்லை. செட்டிகுளத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. உன்னைத் தூக்கிய நாலு பேரில் ஒருவன் செல்வியின் புருஷன். ஜெயங்கொண்டத்தில் மினி பஸ் ஓட்டுகிறான் இப்போது. எல்லாம் முடிந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "சாரும் நீங்களுந்தான் சார் என்னயக் காப்பாத்துனீங்க." பக்கத்தில் செல்வி நின்றாள். அவள் நன்றி எதுவும் சொல்லவில்லை. மெதுவாக ஒன்று மட்டும் கேட்டாள்.

"அந்தச் சீட்டு கெடச்சுதுங்களா சார்?"

"இல்லம்மா" என்றேன். உன் வாசலில் நின்றுகொண்டு சொன்னேன். எனக்கே என்னைக் கண்டால் அருவருப்பாக இருந்தது.

இன்று மதியக் கூட்டத்துக்கு வருகிறேன். மேடையில் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் கலைவாணி. உன் அளவுக்குத் தமிழில் சொல்ல வராது, முயற்சி செய்கிறாள். முன்வரிசையில் பதிவாளர். டப்பாவில் இருபத்து நாலு சீட்டு. இருபத்து நாலாவது சீட்டில், கப்பலில் வேலை பார்க்கும் மகனைப் பற்றிப் பத்து நாளாகத் தகவல் இல்லை, எங்கே கேட்பது, யாரைக் கேட்பது என்று ஒரு அப்பா எழுதியிருந்தார். பதிவாளர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை தற்செயல் இல்லை, லேசாகத் தலையையும் ஆட்டினார்.

"இன்னும் சீட்டு இருக்கா சார்?" என்றாள் கலைவாணி.

நாலு வருஷப் பழக்கம், 'முடிஞ்சுது' உதட்டில் தயாராக நின்றது. டப்பாவிலிருந்து வடகம் வாசனை அடித்தது. அப்போது எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. செத்த பிறகும் விடமாட்டேன் என்கிறாயே என்று.

"இருக்கு" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. எழுந்து மைக்கை வாங்கி நானே படித்தேன், பெயர் ஊரோடு. அதை அணைக்கச் சொல்லிப் பதிவாளர் கை உயர்வதற்குள் பாதியைத் தாண்டிவிட்டேன், மீதியைக் கத்தினேன். உன்னைப் போல எனக்குத் தொண்டை கிடையாது. ஆனாலும் கடைசி வரிசையில் ஒரு பெரியவர் கைகூப்பிக்கொண்டு எழுந்தார். பேச வந்தவரிடமிருந்து பதில் கிடைத்தது. கலைவாணி அதைத் திக்கித் திக்கித் தமிழில் சொல்லி முடித்தாள்.

திங்கட்கிழமை எனக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். வரட்டும். அதில் உன் பழைய விளக்கத்தையும் சேர்த்துத் திருத்தி எழுதப் போகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் நாளை ஞாயிறு. காலையில் ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து மீன்சுருட்டிக்கு பஸ் ஏறுகிறேன். பென்சில் எழுத்து மடிப்பில் அழிந்துகொண்டு வருகிறது. இன்னும் படிக்க முடிகிறது. செல்வி கையில் கொடுத்து, சீட்டு தொலையவே இல்லையம்மா, என்னிடம்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும்.