மதகுக்குள் ஒரு கவர்னர்

மச்சான்,

இன்று மத்தியானம் கீரையில் உப்பு இருந்தது.

இதையெல்லாமா எழுதுவான் என்று நினைப்பாய். நீ போன பிறகு என் வீட்டு நிலவரம் மாறிவிட்டது. ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்னதும் உன் தங்கை உப்பு ஜாடியை எனக்கு எட்டாத அலமாரியில் வைத்துவிட்டாள். என் உயரத்துக்கு எட்டாத அலமாரி கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. அன்றிலிருந்து சாப்பாடு என்ற பெயரில் வைக்கோலை மென்றுகொண்டிருக்கிறேன். இன்று குளத்தில் படர்கிற கசூன் கீரையை வாயில் வைத்ததும் நாக்கு விழித்துக்கொண்டது. ஒருவழியாக உனக்கு மனசு இறங்கியதே என்று அவளைப் புகழ்ந்து, இன்னொரு கரண்டி கேட்டேன்.

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். "நான் உப்பே போடலைங்க."

மகள் சாந்தி ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். "கரிக்குதுப்பா" என்றாள். அது உன் குளத்துக் கீரை. காலையில் அக்கா, உன் சம்சாரம்தான், இன்சீன் தோட்டத்தில் அறுத்து, சுற்று ரயிலில் பபேடானில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது. கீரை தானாக உப்பைத் தேடிக்கொண்டு போகாது. ஆற்றில் ஏறிய கடல் உன் மதகுக்குள் புகுந்துவிட்டது. நான்தான் அதை ருசித்து, இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டியிருக்கிறேன்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். நீ ஏழாவதில் நின்றாய், நான் எட்டாவதில். அந்த ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு நான் உன் தங்கையைக் கட்டினேன், உனக்குப் புத்தி சொன்னேன், குடும்பத்தில் படித்தவன் என்று பெயர் வாங்கினேன். நீ அதை ஒருநாளும் மறுக்கவில்லை. "மாப்ளே எட்டாவது, சும்மாவா?" என்று நாலு பேர் முன்னால் சொல்வாய். சொல்லிவிட்டு என் சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருப்பதைக் காட்டுவாய்.

உன் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் முதலில் என்னை மதகுக்குத்தான் கூட்டிப்போவாய். ஓடை ஆற்றில் சேருகிற இடத்தில் இரண்டு தூண், நடுவில் ஏற்றி இறக்குகிற மரப்பலகை, அவ்வளவுதான். வெயில் காலத்தில் ஆறு மெலிந்து, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல்தண்ணீர் ஏறி வரும். பலகையை இறக்கினால் உப்பு வெளியே நிற்கும். நிற்காவிட்டால் குளம், கீரை, கிணறு எல்லாம் போய்விடும். அப்புறம் அந்த மண்ணில் எத்தனை மழை பெய்தாலும் சீக்கிரத்தில் எதுவும் முளைக்காது. பலகையின் அடி அப்போதே இற்றுப்போய், உள்ளே தலையை விடுகிற அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. என்னை விட்டுப் பார்க்கச் சொன்னாய். நானும் விட்டேன். எட்டாவது படித்தவன் இல்லையா, எடுக்கத்தான் தெரியவில்லை.

மதகு சர்க்கார் சொத்து. ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதி வேண்டும். அதனால் ஓடைக்கரைக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து மனு மேல் மனு கொடுத்தீர்கள். ஒரு வருஷம் நம் சட்டமன்ற உறுப்பினர் டீக்கடையில் வந்து உட்கார்ந்து, வட்டார பட்ஜெட்டில் மதகு சேர்ந்துவிட்டது என்றார். சாயப்பட்டறைகள் ஓடையில் விடுகிற கறுப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்யவும் தனியாக ஒதுக்கியிருக்கிறதாம். மன்றத்தில் எல்லோரும் கை தூக்கியாயிற்று, கவர்னர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்றார். சர்க்கார் காகிதத்தில் அந்தப் பதவிக்கு வேறு பெயர். நம் ஆட்கள் வாயில்தான் வெள்ளைக்காரன் விட்டுப்போன கவர்னர் இன்னும் இருக்கிறார்.

கையெழுத்து ஆகட்டும், அப்புறம் கொண்டாடலாம் என்று யாரோ சொன்னதற்கு நீ கூடாது என்று தலையை ஆட்டினாய். "முன்னாடியே நன்றி சொல்லிடணும் மாப்ளே. மாலை விழுந்த கழுத்து இல்லைன்னு ஆட்டாது."

நான் வேலை பார்ப்பது ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் வாசகம் நான்தான். கவர்னர் படத்தைக் கட்டில் அகலத்துக்குப் போட்டாயிற்று. பக்கத்தில் மதகுப் படம் வேண்டும் என்றாய். இல்லாத மதகுக்குப் படத்துக்கு எங்கே போவது? முதலாளி கம்ப்யூட்டரில் தேடி ஏதோ ஒரு வெளிநாட்டு மதகை எடுத்துப் போட்டார். கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், அதில் இரண்டு அன்னம். அன்னத்தை அழித்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும், கவர்னருக்கு அழகு பிடிக்கும் என்றாய்.

ஓடை முகப்பில் இரண்டு மூங்கில் நட்டுக் கட்டினோம். பொங்கல் வைத்தோம், பூசணிக்காய் உடைத்தோம். நான் பர்மிய மொழியில் நன்றியுரை ஆற்றினேன். துக்க வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது என்று சாந்தி சொன்னாள். நான் போட்ட முடிச்சுகளை எல்லாம் நீ அவிழ்த்து மறுபடி போட்டாய். "மாப்ளே கட்டினா காத்து அடிக்கிறதுக்கு முன்னாடியே அவிழும்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னாய்.

கொஞ்ச நாளில் சாந்தி கைபேசியில் செய்தியைப் பார்த்து நமக்குத் தமிழில் சொன்னாள். கவர்னர் பட்ஜெட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். போடுவதற்கு முன் சில வரிகளைப் பேனாவால் அடித்துவிட்டார். அடிபட்டதெல்லாம் விவசாயமும் ஓடையும்தான். மதகு போயிற்று, கறுப்புத் தண்ணீர் வேலை போயிற்று. ரவுண்டானாவுக்கு விளக்கு வளைவு தப்பித்துக்கொண்டது. இப்போது அவசியமில்லை என்று ஒரே வரியில் காரணம் எழுதியிருந்தது.

நீ கேட்டாய். "எல்லாத்தையும் ஒரே கோட்டுல அடிச்சாராம்மா, ஒவ்வொண்ணா அடிச்சாரா?"

அது போடவில்லை மாமா என்றாள் சாந்தி.

"ஒவ்வொண்ணா அடிச்சிருந்தா, நம்ம மதகு பேரையாவது ஒருதடவை படிச்சிருப்பார்."

ஃப்ளெக்ஸை அவிழ்க்கலாம் என்று போனோம். வார்டு ஆபீஸ்காரர் ஊ மியா ஓடிவந்து தடுத்தார். கட்டியது நீங்கள், கவர்னர் முகத்தை இறக்கியது யார் என்று மேலே கேட்டால் என்னை இழுக்காதீர்கள் என்றார். மூங்கிலில் கவர்னர் சிரித்துக்கொண்டே நின்றார். அவருக்குக் கீழே பலகைச் சந்தில் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் மறுபடி மனு கொடுத்தீர்கள். பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். பளபள என்று பூட்ஸ் போட்டிருந்தார், ஓடை வழி சேறு. ரோட்டிலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலை ஏற்கெனவே முடிந்தது என்று பதில் வந்ததும், படித்தவன் கூட வரட்டும் என்று என்னையும் ஆபீசுக்கு இழுத்துப்போனாய். மேஜையில் நம் மனு இருந்தது, அதன்மேல் நம் ஃப்ளெக்ஸின் படம். அங்கே பர்மிய மொழியில் நடந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"மதகு இருக்கிறதே" என்றார் அந்த அதிகாரி, படத்தைத் தொட்டு. "நன்றியும் சொல்லியிருக்கிறீர்கள்."

அது வெளிநாட்டு மதகு ஐயா, எங்கள் கடையில் ஒட்டியது என்றேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

நீ குனிந்து, படத்தில் விரல் வைத்தாய். "இதில் அன்னம் நீந்துகிறது ஐயா. எங்கள் ஓடையில் எருமையே இறங்காது. அங்கே அன்னத்தை யார் பார்த்தார்கள்?"

அவர் ஃபைலை மூடினார். "பறந்து போயிருக்கும்" என்றார்.

அவர் சிரித்திருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது.

அப்புறம் ஒருநாள் உச்சி வெயிலில், ரோட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, நீயே மூங்கிலை அவிழ்த்தாய். ஃப்ளெக்ஸை மடித்து, மேலும் மடித்து, தலையணை மாதிரி ஆக்கி, ஓடையில் இடுப்பளவு இறங்கி மதகுச் சந்தில் திணித்து, மேலே களிமண் அப்பினாய். நான் கரையில் நின்று காவல் காத்தேன். யாராவது வந்தால் இருமச் சொல்லியிருந்தாய். வெறும் பயத்தில் இருமிக்கொண்டே இருந்தேன். மடிக்கும்போது கவர்னர் முகம் உள்பக்கமாக வருகிற மாதிரி பார்த்து மடித்தாய். ஏன் என்று கேட்டதற்கு, பாவம், மூக்கில் தண்ணீர் போகும் என்றாய். கரையேறி, கைலியைப் பிழிந்துகொண்டே சொன்னாய்:

"இப்பத்தான் மாப்ளே, உள்ள எறங்கி வேலை பார்க்கறார்."

உண்மையாகவே பார்த்தார். ஃப்ளெக்ஸ் மக்காது என்று என்னிடம் கேட்டு வைத்திருந்தாய். மக்கவில்லை. ஆனால் களிமண் கரையும். அமாவாசை, பௌர்ணமி என்று ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நீ இறங்கி அப்ப வேண்டியிருந்தது, அந்தக் கறுப்புத் தண்ணீரில். ஒருமுறை காலில் சின்னதாக ஒரு புண் வந்தது. சர்க்கரை வியாதிதான் காரணம் என்றார் டாக்டர். இருக்கும், நான் டாக்டர் இல்லை. அடித்த வரிகளில் இரண்டாவது அந்தக் கறுப்புத் தண்ணீர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். முதலில் பாதம், அப்புறம் முழங்கால் வரை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் வலிக்கிறதா என்று கேட்டார்கள். நீ என்னிடம், இன்றைக்கு ஏற்றமா வற்றமா என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. வற்றம் என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாய். அதற்கப்புறம் நீ வீடு திரும்பவில்லை.

இன்று கை கழுவியதும் ரயிலேறி உன் தோட்டத்துக்குப் போனேன். மதகுக்குப் பக்கத்துக் குளத்தில் கீரை நுனியெல்லாம் நெருப்புப் பட்ட மாதிரி கருகியிருக்கிறது. தவளைச் சத்தமே இல்லை. வரப்பு ஓரம் நெடுக யாரோ முளைக்குச்சி அடித்துச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். யார் அடித்தது என்று அக்காவைக் கேட்டேன். காலையில் எழுந்தபோது இருந்தது, கேட்க வேண்டாம் என்று ஊ மியா சொன்னார் என்றார். நிலம் தானாகச் செத்தால் வாங்குகிறவனுக்குச் சுலபம் என்று எனக்கே தோன்றியது. எட்டாவதுக்கு இது போதும்.

மதகில் இறங்கிப் பார்த்தேன். உன் ஃப்ளெக்ஸ் நடுவில் கிழிந்துவிட்டது. ஒரு காதும் பாதிச் சிரிப்பும் வெளியே வந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. கிழிசல் வழியாக வந்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். மத்தியானம் ரசித்துச் சாப்பிட்டேனே, அதேதான். கிணறு இன்னும் கெடவில்லை. நாளை மறுநாள் பௌர்ணமி.

அக்கா தூணைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடியது. "பலகை போனா துணி வெச்சு அடைக்கலாம் தம்பி. தூண் போனா எதை வெக்கிறது?"

எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று உன் தங்கை சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிற வரை நகர மாட்டேன் என்றுவிட்டார்.

கடைக்குத் திரும்பினால் ஊ மியா எனக்காகக் காத்திருக்கிறார். கவர்னர் மாறிவிட்டாராம். புது பட்ஜெட்டில் மதகு இருக்கிறதாம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கியாம். முன்னாடியே ஒரு நன்றி ஃப்ளெக்ஸ் கட்டச் சொல்லி மேலே இருந்து உத்தரவு. அவர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றேன். இருப்பதிலேயே தடிமனான துணி, இருப்பதிலேயே பெரிய அளவு என்றேன். அவ்வளவு மரியாதையா என்று அவர் நெகிழ்ந்துபோனார். மதகுப் படம் வேண்டாமா என்று கேட்டார். முகம் மட்டும் போதும் என்றேன்.

நாளை காலையில் ஓடை முகப்பில் கட்டப்போகிறோம். அதிகாரி வந்து படம் எடுத்துக்கொண்டு போவார். முடிச்சு எல்லாம் நானே போடுவதாகச் சொல்லிவிட்டேன். சாயங்காலக் காற்றுக்கு அவிழ்ந்துவிடும், நம்பலாம். அவிழ்த்து மறுபடி போட இப்போது யாரும் இல்லை. விழுந்ததைச் சுருட்டிக்கொண்டு, ஏற்றத்துக்கு முன் நான் ஓடையில் இறங்குவேன். அக்கா கரையில் நின்று இருமுவார். இதையெல்லாம் காகிதத்தில் எழுதாதீங்கப்பா என்று சாந்தி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வது சரிதான். உனக்கு எழுதுவதை நான் யாருக்கும் காட்டப்போவதில்லை.

உன்னிடம் கற்ற மாதிரியே மடிப்பேன், ஒன்றைத் தவிர. நீ முகத்தை உள்பக்கம் வைத்தாய். நான் ஓடைப் பக்கம் வைக்கப்போகிறேன். ஏறி வருவது என்ன என்று அவரே முதலில் பார்க்கட்டும்.

தூணுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை வாய் கொப்பளித்துவிட்டேன். உப்பு போகவில்லை, மச்சான்.