மூன்றாவது டாக்டர்

பிப்ரவரி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்க மாட்டேன். விசாரித்தால் "நல்லா இருக்கேன் மச்சான்" என்பீர்கள். இன்ஜின் அறையில் மயங்கி விழுந்து, ஸ்ட்ரெச்சரில் கப்பலை விட்டு இறங்கிய அன்றும் போனில் அதைத்தான் சொன்னீர்கள்.

வக்கீலைப் பார்த்தேன். உங்கள் இதயம் சரியாகிவிட்டது என்கிறார் கம்பெனி டாக்டர். இனி கப்பல் வேலையே கூடாது என்கிறார் நாம் பார்த்த டாக்டர். அதனால் இரு தரப்புக்கும் பொதுவாக மூன்றாவது டாக்டர் ஒருவர். அவர் எழுதுவதுதான் முடிவு. வேலை செய்ய முடியாது என்று எழுதினால் இழப்பீடு. முடியும் என்றால் கம்பெனி கையை விரித்துவிடும்.

நான் பைப் கடைக்காரன். கீறல் விழுந்த பைப்பைக் கீறலை முதலில் காட்டித்தான் விற்பேன். நீங்களும் காட்டுங்கள். பொய் வேண்டாம். படியேறினால் மூச்சு வாங்குவதைச் சொன்னாலே போதும். தங்கச்சி தையல் மெஷினை விட்டு எழுந்திருப்பதே இல்லை.

இப்படிக்கு,
மச்சான்

பிப்ரவரி 19

அன்புள்ள மச்சானுக்கு,

கேஸ் முடியும்வரை தங்கக் கம்பெனி கொடுத்த அறையில் நான்கு கட்டில், ஒரு மின்விசிறி. பக்கத்துக் கட்டிலில் முதுகு போன கப்பல் சமையல்காரர். "உன் முதுகையும் என் நெஞ்சையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும்யா" என்கிறார்.

மூன்றாவது டாக்டரைப் பார்த்தாகிவிட்டது. "என்ன செய்யுது?" என்று பொறுமையாகத்தான் கேட்டார்.

எப்படி எழுதுவது மச்சான்? கப்பல் ஏறும் முன் ஒவ்வொரு தடவையும் டாக்டர் சோதிப்பார். தேறினால்தான் வேலை. முந்தின நாளே உப்பைக் குறைப்போம், காப்பியைத் தொடமாட்டோம். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் உடம்பு தானாக நிமிர்ந்துவிட்டது. "ஒண்ணுமில்ல சார்" என்று வாய் சொல்லிவிட்டது. படியேறச் சொன்னார். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினேன். பிறகு கழிப்பறையில் போய் உட்கார்ந்துதான் மூச்சு விட்டேன்.

முடியும் என்று எழுதிவிட்டார். அதைக் காட்டி மறுபடி கப்பல் வேலை கேட்டிருக்கிறேன். உங்கள் தங்கச்சியிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபம் நியாயம்தான்.

கப்பல் கிடையாதாம். "கப்பல்ல மயங்கி விழுந்த ஆளை மறுபடி ஏத்த முடியாதுப்பா" என்றார் மேலாளர். "உங்க டாக்டரே நல்லா இருக்கேன்னு எழுதியிருக்காரே சார்" என்றேன். "அது கேஸுக்குப்பா" என்றார்.

அறையை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும்.

மாப்பிள்ளை

மார்ச் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்களைத் திட்டி எழுதிய கடிதம் கல்லாப் பெட்டியில் கிடக்கிறது. ஸ்டாம்ப் ஒட்டவில்லை. இனி செய்ய ஒன்றுமில்லை என்று வக்கீலும் சொல்லிவிட்டார். எனக்கும் அலுத்துவிட்டது.

தங்கச்சி கேட்டாள், "டாக்டர்கிட்ட அவர் என்னதாண்ணே சொன்னார்?" என்று. "எல்லாத்தையும் சொல்லியிருக்கார்மா. அந்த ஆளு காதுலயே வாங்கல" என்றேன். வியாபாரத்தில்கூட இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை. நீங்களும் அதையே சொல்லுங்கள்.

வந்து கடையில் உட்காருங்கள். மச்சான் தயவு என்று முறைக்க வேண்டாம். பம்பும் வால்வும் தெரிந்த ஆள் எனக்கு வேண்டும். மாடிக் கிடங்குக்கு மட்டும் நீங்கள் ஏறக் கூடாது.

தினமும் கடை திறந்ததும் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். நிமிர்ந்து நிற்காமல் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மச்சான்