செப்புக்குடத்துத் தண்ணீர்

சின்ன காஞ்சிபுரம்
5.10.2003

சிரஞ்சீவி ராமானுஜுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். வரதர் அனுக்கிரகத்தில் அப்பாவும் நானும் சௌக்கியம், நீ சிங்கப்பூர் திரும்புமுன் கூடத்தில் குடிவைத்துவிட்டுப் போன ஜந்துதான் சௌக்கியமில்லை.

ரிடையரான அப்பாவுக்குப் பொழுதுபோகும், பிபி இறங்கும் என்று கண்ணாடித் தொட்டி, நீல விளக்கு, இரண்டு பம்பு, ஓட்டை ஓட்டையாகக் கல், மணல், டப்பா டப்பாவாகக் கடலுப்பு, உப்பை அளக்க ஒரு குழாய் என்று கல்யாணச் சீர் மாதிரி இறக்கினாய், கடைசியில் அதற்குள் வந்து உட்கார்ந்தது இது. கடல் சாமந்தி என்றாயே, அழகாக இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். சீ, இது பூவா? சளி பிடித்த வாய். இறால் தின்கிறது, தின்ற வாயாலேயே வெளிக்கும் போகிறது. பாத்திரம் தேய்க்கிற பெரியநாயகிதான் கொல்லையில் இறால் உரித்துக் கொடுப்பாள், அவளே, இன்னாமா இது கொழகொழன்னு ஆடிக்கினு இருக்குது என்று முகத்தைச் சுளித்தாள். அந்த நாற்றத்தில் எனக்கு மோர்சாதம்கூட இறங்குவதில்லை. அப்பாவோ இடுக்கியால் அதற்கு ஊட்டிவிட்டு, ஸ்நானம் செய்துவிட்டு வந்து மறுபடியும் அதன் எதிரிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். என்னோடு அவ்வளவு பேசி எத்தனை வருஷமோ.

விஷயத்துக்கு வருகிறேன். கூரத்து அத்தைக்கு உடம்பு முடியவில்லை என்று அப்பா ஆறு நாள் போயிருந்தார். தொட்டியில் வற்றுகிற அளவுக்குத் தினமும் ஃபில்டர் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார். அது பாத்ரூம் ஓரத்தில் பாசி பிடித்த பிளாஸ்டிக் குடத்தில் இருந்தது, தொடவே அருவருப்பு. ஜந்துவானாலும் உயிர்தானே, பெருமாளுக்கு ஆகிற தண்ணீர் இதற்கு ஆகாதா என்று, புளி போட்டுத் தேய்த்து வைக்கிற செப்புக்குடத்திலிருந்து ஊற்றினேன். ஆறாம் நாள் அது சுருங்கி, நூல்நூலாகச் சளியைக் கக்கிக்கொண்டு கிடந்தது. அப்பா வந்து பார்த்துவிட்டு, தான் அதிகமாக ஊட்டியதால்தான் என்று தலையில் கைவைத்துக்கொண்டார், இரண்டு வேளை சாப்பிடவில்லை. நீ எழுதிவைத்த தாளைத் தேடிப் படித்தேன், செம்பு பட்ட தண்ணீர் இதற்கு விஷம் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அப்போதே போய் நான் தெரியாமல் செய்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. உனக்கு அருவருப்புன்னு தெரியும் பூமா, ஆனா கொல்லத் துணிவேன்னு நினைக்கலை என்றார். அதற்கப்புறம் பேச்சே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவளை இப்படி நினைத்துவிட்டாரே என்று எனக்கு மனசு ஆறவே இல்லை.

நேற்று புரட்டாசி சனிக்கிழமை. இன்னிக்கு எறாலக் கையால தொட மாட்டேம்மா என்று பெரியநாயகி போய்விட்டாள். அப்பா தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார். நானே கொல்லைக்குப் போய் இறாலை உரித்தேன் ராமானுஜ். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். துணுக்கை இடுக்கியில் பிடித்து நீட்டினேன், ரொம்ப நேரம் கழித்து வழவழவென்று ஒரு கையை நீட்டிப் பற்றிக்கொண்டது, உடம்பெல்லாம் கூசியது. அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நீ வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. பெருந்தேவித் தாயார் உனக்குத் தீர்க்காயுசும் நிம்மதியும் கொடுக்கட்டும். மறக்காமல், இதைப் படித்ததும் போன் பண்ணு, என்னைக் கூப்பிடாதே, அப்பாவிடம் பேசு. அம்மா தெரியாமல்தான் ஊற்றினாள் என்று சொல். நான் சொல்லி அவர் நம்பவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
பூமா