துண்டைத் துவைக்காதே

கும்மிடிப்பூண்டி
12-8-1974

கோவிந்தம்மாவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். யாரையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்காமல், முதல் தடவையாக நானே எழுதுகிறேன்! பேத்தி ரத்னாவைப் படிக்கச் சொல்லிக் கேள். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

எனக்கு வேலை கொடுத்த குணசுந்தரி அம்மா, மெட்ராஸ் காலேஜ் உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஆலைக் கழிவு கலக்கும் ஓடைத் தண்ணீரை ஐந்து வருஷமாகச் சோதிக்கிறார். புகையால் பூமியே சூடாகும் என்று கூட்டங்களில் பேசினால் சிரிக்கிறார்களாம். அம்மா நிறுத்துவதில்லை. தினமும் பாட்டிலில் ஓடைத் தண்ணீர் பிடித்துத் தருவது என் வேலை.

நேற்று, "இன்னா பெரியவரே, தண்ணி இவ்ளோ தெளிவா இருக்குது?" என்றார்.

"உங்க கையில குடுக்குற தண்ணியாச்சேம்மா, துண்டுல வடிகட்டித்தான் ஊத்துறேன்" என்றேன், பெருமையாக.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு நடந்த மூன்று மாதச் சோதனையும் வீண். அம்மா திட்டவில்லை. பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு, "அந்தத் துண்டு எங்க?" என்றார். அழுக்கு முழுக்க அதில்தானே இருக்கிறது!

கறுத்துப்போய்விட்டதே, நீ துவைத்துத் தரட்டும் என்று நம் ஊருக்கு வந்த முனிகிருஷ்ணனிடம் கொடுத்தனுப்பினேனே, அதுதான். துவைக்காமல் உடனே அவனிடமே திருப்பி அனுப்பு. துவைத்துவிட்டிருந்தால் மறைக்காமல் எழுதச் சொல். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எதுவானாலும் அடுத்த வாரம் என் கையாலேயே எழுதுவேன்.

செங்கல்வராயன்