வராத கேமுக்குப் பேசிய குரல்

என்னங்க,

நேற்று சாப்பாட்டு மேசையில் நாம் மூவர்தான்: நீங்கள் ஜன்னலோரம், எதிரே நம் பையன், அடுப்புப் பக்கம் நான். "பாக்கி நாலே வரிதான்டா. அந்த மந்திரவாதியோட குட்டிப் பையனா பழையபடி பேசு" என்று கெஞ்சினீர்கள். அவனும் முயன்றான். தொண்டை கரகரத்தது. "எனக்கு மீசையே வந்தாச்சுப்பா, உங்க கேம்தான் இன்னும் வரல" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

உங்கள் கம்பெனி வீடியோ கேமின் நாலாம் பாகம் வருஷக்கணக்காய்க் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடப்பது அவன் குற்றமா? ஏழு வயதில் ஆசையாய்ப் பேசிக் கொடுத்தான். கேம் வந்ததும் சிநேகிதர்களுக்குப் போட்டுக் காட்டக் காத்திருந்தான். இப்போது வேறொரு பிள்ளையை முழுக்கப் பேசவைத்து, இவன் குரலை எடுத்துவிடப் போகிறார்கள். அதை அவனிடம் நீங்களே சொல்லுங்கள். "அடுத்த வருஷம் வந்துடும்" என்று சமாதானம் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

சூப் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்குப் போகிறேன். சாவியையும் இதையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவைக்கிறேன்.

பி.கு: அவன் குரலை நீக்க நான் சம்மதிப்பதாக நீங்கள் கேட்ட கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டினேன். அதற்குள் அதை வாங்க வந்த கூரியர்காரர் படியிறங்கிவிட்டார். நம் பையன்தான் பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தான். என்ன கடிதம் என்று அவன் கேட்கவில்லை.